பச்சைப் புல்லில் புறா இறங்காது

கேள்வி: ஐயா, கோலாலம்பூர் செந்தூலில் இருந்து எழுதுகிறேன். என் மச்சான் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலம் சான் அந்தோனியோ பக்கம் இருக்கிறார். போன செப்டம்பரில் அவரோடு புறா வேட்டைக்குப் போனேன். லைசென்ஸ் எல்லாம் முறைப்படி எடுத்துத்தான் போனோம். ஒரு தீவன வயலை ஒட்டி, இடுப்பளவு பச்சைப் புல்லில், பெரிய மரத்து நிழலில் இரண்டு நாள் உட்கார்ந்தோம். கிடைத்தது மூன்று புறா. வேலிக்கு அந்தப் பக்கம் காய்ந்த சூரியகாந்திச் செடிகள் நின்ற பொட்டலில் உட்கார்ந்தவர்கள் காலை ஒன்பது மணிக்குள் முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மச்சான் “எல்லாம் அதிர்ஷ்டம்” என்கிறார். இந்த வருடமும் கூப்பிடுகிறார். எங்கே உட்காருவது என்று எதை வைத்து முடிவு செய்வது? இங்குள்ள புறாக்களை வைத்துப் பழகிக்கொள்ள முடியுமா? இன்னொன்று, இலைதழை அச்சடித்த வேட்டை உடை வாங்கச் சொல்கிறார். நானூறு வெள்ளி ஆகும் போலிருக்கிறது. வாங்கலாமா?

பதில்: அன்புள்ள செந்தூல் வாசகருக்கு,

கடிதத்தைப் படித்ததும் சிரித்துவிட்டேன். உங்களைப் பார்த்து இல்லை, இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய என்னைப் பார்த்து. படிப்புக்காக டெக்சாஸ் போயிருந்தபோது இரண்டு செப்டம்பர் மாதங்கள் ஒரு பண்ணையில் பறவைக் கணக்கெடுப்பு வேலை கிடைத்தது. முதல் நாள் நான் தேடிப் பிடித்து உட்கார்ந்ததும் உங்கள் இடம் மாதிரியே ஓர் இடம்தான். பச்சைப் புல், அடர்ந்த மரம், குளுகுளு காற்று. நான் செபராங் பிறையில் தோட்டத்தில் வளர்ந்தவன். பச்சை இருந்தால் வளம், வளம் இருந்தால் பறவை என்று ஒரு நினைப்பு. சாயந்திரம் வரைக்கும் நோட்டில் ஏறியது ஏழு புறா. ஏழும் தலைக்கு மேலே வேறெங்கோ போனவை. பண்ணையைப் பார்த்துக்கொண்ட பெரியவர் வண்டியை நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “புறாவுடைய காலைப் பார்த்திருக்கிறாயா?”

அதற்கான பதிலில்தான் உங்கள் கேள்விக்கும் முக்கால்வாசி பதில் இருக்கிறது.

கோழி மேய்வதை நினைத்துப் பாருங்கள். இரண்டு கீறு கீறும், ஓர் அடி பின்னால் போகும், தலையைச் சாய்த்துப் பார்க்கும். சருகுக்கு அடியில் இருக்கும் தானியத்தைக் காலாலேயே வெளியே எடுத்துக்கொள்ளும். புறாவுக்கு அந்த வேலை வராது. குட்டைக் கால், மெல்லிய விரல்; நடக்கலாம், கிளற முடியாது. மண்ணின் மேல் மூடாமல் கிடக்கிற விதையைத்தான் அதனால் பொறுக்க முடியும். அங்கே நீங்கள் தேடிப் போகிற புறாவின் பெயர் மோர்னிங் டவ். காலை நேரத்துக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. அதன் கூவல் துக்க வீட்டு அழுகை மாதிரி இருப்பதால் வந்த பெயர். சுமார் 120 கிராம் எடை. சாப்பாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு விதை. ஒரு நாளைக்குத் தன் எடையில் 12 முதல் 20 விழுக்காடு வரை தின்றாக வேண்டும். இவ்வளவையும் ஒவ்வொரு மணியாகப் பொறுக்குகிற பறவைக்கு இடுப்பளவு புல் என்பது பூட்டிக் கிடக்கிற மளிகைக் கடை. உள்ளே சரக்கு இருக்கலாம், கைக்கு எட்டாது. போதாக்குறைக்கு, புல்லுக்குள் நடந்தால் பருந்து வருவதும் பூனை வருவதும் தெரியாது.

அதிலும் உங்கள் பக்கம் இருந்தது தீவன வயல். மாட்டுக்கு அறுப்பதைப் பெரும்பாலும் விதை முற்றுவதற்கு முன்பே அறுத்துவிடுவார்கள். ஆக, மேலே புல், கீழே ஒன்றுமில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் சூரியகாந்தி முற்றித் தலை கவிழ்ந்து, விதை தானாகவே உதிர்ந்திருக்கும். செடிக்குச் செடி இடைவெளியும் வெறும் மண்ணும் இருந்திருக்கும். பொட்டல் என்று எழுதியிருக்கிறீர்களே, புறாவுக்கு அந்தப் பொட்டல்தான் பந்தி.

சூரியகாந்தி யாருடைய கண்ணுக்கும் தெரியும். பழகிய ஆட்கள் தேடுவது வேறொரு செடியை. முழங்கால் உயரத்தில், சாம்பல் பூசிய மாதிரி வெளிர்பச்சை இலையோடு, மாடு மேய்ந்து தேய்ந்த நிலங்களிலும் பாதையோரங்களிலும் முளைக்கும் குரோட்டன் வகைக் களை. நம் வீட்டு வாசலில் பலநிற இலையோடு நிற்கிற குரோட்டன் செடி வேறு, இது வேறு. இது ரப்பர் மரத்தின் குடும்பம். ஆமணக்கும் கள்ளியும் அதே குடும்பம்தான். அதன் காயை முதல் தடவை கையில் வாங்கியபோது எனக்குச் சின்ன வயது ஞாபகம் வந்துவிட்டது. ரப்பர் காயை அப்படியே சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்குகிற அளவுக்குச் சுருக்கிய மாதிரி மூன்று அறை. வெயிலில் காய்ந்து வெடித்து விதையைச் சுற்றிலும் சிதறடிக்கும். மாடு அதன் இலையை விரும்பாது. அதனால் மாடு மற்றதை எல்லாம் மேய்ந்து தரையை வெறுமையாக்க, அந்த வெறுந்தரையில் இந்தக் களை மட்டும் நின்று விதையைக் கொட்டுகிறது. புறாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அங்குள்ளவர்கள் அதைப் ‘புறாவின் களை’ என்ற பொருளில்தான் கூப்பிடுகிறார்கள்.

சுட்ட புறா ஒன்றின் இரைப்பையை அந்தப் பெரியவர் ஒரு தடவை வண்டியின் பின்கதவில் வைத்துப் பிளந்து காட்டினார். கடுகு டப்பாவைக் கவிழ்த்த மாதிரி விதை கொட்டியது. பளபளவென்று புள்ளி போட்ட பழுப்பு விதைகள், இந்தக் களையுடையவை. நடுவில் நாலைந்து வெள்ளைச் சோள மணி. அரைப்பதற்காக விழுங்கிய பொடிக்கல் கொஞ்சம் கீழ்ப்பையில் இருந்தது. “இந்தப் பறவை இன்றைக்கு எங்கெல்லாம் போனது, சொல்” என்றார். களை விதை என்றால் மேய்ச்சல் நிலம், சோளம் என்றால் தெற்கே அறுத்துப் போட்ட வயல், கல் என்றால் சரளை ரோடு. ஒரு நாள் பயணம் முழுக்க அந்தச் சின்னப் பையில் இருந்தது. உங்கள் மச்சானோடு போகும்போது முதலில் கிடைக்கிற பறவையை இப்படிப் பிளந்து பாருங்கள். அடுத்த நாள் எங்கே உட்காருவது என்று அதுவே சொல்லிவிடும்.

தண்ணீர் விஷயமும் காலில்தான் வந்து நிற்கிறது. காய்ந்த விதை தின்னும் பறவைக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். அங்கே மாட்டுக்காக வெட்டிய குளத்தை டேங்க் என்கிறார்கள், நம் ஏரி குளங்களை வெள்ளைக்காரன் டேங்க் என்று எழுதி வைத்தானே, அதே மாதிரி. ஒரு குளத்துக்கு நாலு கரை இருக்கும். கோரைப்புல் மண்டிய கரைகளைப் புறா பெரும்பாலும் தொடாது. மாடு இறங்கி மிதித்து, சேறு காய்ந்து வழவழவென்று சரிந்து கிடக்கும் கரையில்தான் வந்து இறங்கும். இறங்குவதும் தண்ணீரில் இல்லை. சில அடி தள்ளி இறங்கி, நின்று பார்த்து, நடந்து வரும். அப்புறம் அலகை முக்கி ஒரே உறிஞ்சு. கோழி மாதிரி தலையைத் தூக்கித் தூக்கிக் குடிக்காது. சாயந்திரம், இரவு அடைவதற்கு முன்னால் வருகிற கூட்டம்தான் பெரிது. ஆனால் முந்தின நாள் நல்ல மழை பெய்திருந்தால் குளத்தை நம்பாதீர்கள். எல்லாப் பள்ளத்திலும் தண்ணீர் நிற்கும்போது அதற்கு உங்கள் குளம் எதற்கு?

சரி, சாப்பாடும் தண்ணீரும் தெரிந்துவிட்டது. நடுவில் எந்த வழியாகப் போகிறது? விடிந்ததும் அடர்ந்த மரங்களில் இருந்து கிளம்பி மேய்ச்சலுக்குப் போகும். வெயில் ஏறினால் நிழலில் ஓய்வு. சாயந்திரம் மறுபடி மேய்ச்சல், தண்ணீர், பிறகு கூடு அடையும். இந்தப் போக்குவரத்தில் அது நேர்கோடு போடுவதில்லை. மரவரிசையை ஒட்டிப் போகும், வேலி மூலையில் திரும்பும், மரவரிசையில் பல் விழுந்த மாதிரி இடைவெளி இருந்தால் அதற்குள் நுழையும். அந்தப் பக்கம் நிறைய நிற்பது மெஸ்கீட் மரம். தமிழ்நாட்டுக்குப் போய்வந்தவர்களுக்குச் சீமைக் கருவேலம் தெரியுமே, அதன் பங்காளி.

இந்த வழியில் ஒரு பட்ட மரம் நின்றால் அதை விடாதீர்கள். தரையில் இறங்குவதற்கு முன்னால் புறா எங்காவது உட்கார்ந்து கீழே நோட்டம் பார்க்கும். இலை இல்லாத கிளையில் நாலு பக்கமும் தெரியும். மின்கம்பியும் அதே காரணத்துக்காகப் பிடிக்கும். நீங்கள் உட்கார்ந்த பெரிய பச்சை மரம் உங்களுக்கு வசதி. புறாவுக்கு அது பகல் தூக்கத்துக்கு ஆகலாம், மேய்ச்சலுக்கு இறங்கும் வழிக்கு ஆகாது. மேலே வருகிற பறவையை உங்களுக்கும் அந்த மரம் மறைத்திருக்கும். பட்ட மரத்தில் இருந்து இருபத்தைந்து, முப்பது மீட்டர் தள்ளி, ஒரு புதரின் நிழலை முதுகுக்கு வைத்துக்கொண்டு உட்காருங்கள். விழுகிற பறவை வெறுந்தரையில் விழுகிற மாதிரி இடம் பாருங்கள். உயரப் புல்லில் விழுந்தால் மண் நிறத்துப் பறவையைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. சுட்டதைத் தேடி எடுக்காமல் அடுத்ததைச் சுடுகிறவனை எனக்குப் பிடிக்காது. அங்கே செப்டம்பர் புல்லுக்குள் கிலுகிலுப்பைப் பாம்பு வேறு இருக்கும்.

சான் அந்தோனியோ என்பதால் இன்னொரு புறாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளைச் சிறகுப் புறா. கொஞ்சம் பெரிது, பறக்கும்போது இறக்கையில் வெள்ளைப் பட்டை தெரியும். ஒரு காலத்தில் இது டெக்சாஸின் தென்கோடியில், ரியோ கிராண்டே ஆற்றுப் பக்கத்து முட்காடுகளில் கூட்டமாகக் கூடு கட்டியது. காட்டை வெட்டி வயலாக்கினார்கள். அது எலுமிச்சை, ஆரஞ்சுத் தோப்புகளுக்குக் குடிபோனது. 1983இலும் 1989இலும் வந்த உறைபனியில் அந்தத் தோப்புகள் கருகின. இன்று அது வடக்கே நகரங்களில், பழைய ஓக் மரமும் பெக்கன் மரமும் நிற்கிற வீட்டுத் தெருக்களில் பெருங்கூட்டமாக வாழ்கிறது. சான் அந்தோனியோ அதன் தலைநகரம் மாதிரி. ஆக, காலையில் அது ஊருக்குள் இருந்து வயலுக்கு வேலைக்குப் போகிறது. பெரும்பாலும் உயரமாக, கூட்டமாக. உங்கள் வயலுக்கு எந்தப் பக்கம் ஊர் இருக்கிறது என்று பார்த்தால் எந்தப் பக்கம் முகத்தை வைத்து உட்காருவது என்பது தெரியும். இது சூரியகாந்தித் தலையிலேயே உட்கார்ந்து விதையைப் பிடுங்கித் தின்னவும் கூடியது. அதனால் தரை அவ்வளவு சுத்தமாக இல்லாத வயலிலும் இதைப் பார்க்கலாம்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. விளைந்த பயிரை நின்ற இடத்திலேயே மடக்கி வெட்டி, உதிர்ந்த விதையின் மேல் புறா வேட்டையாடுவதை அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் மூட்டையைப் பிரித்துத் தானியத்தைத் தூவி வைத்தால் அது இரை போட்ட இடம். தூவியதை முழுவதும் அகற்றி 10 நாள் ஆகும்வரை அங்கே சுடக் கூடாது. “எனக்குத் தெரியாது, மச்சான் கூட்டிப் போனார்” என்று தப்பிக்கவும் முடியாது. தெரிந்திருக்க வேண்டிய விஷயம் என்றால் உங்கள் மேலும் வழக்கு வரும். உட்காரும் முன் தரையைப் பாருங்கள். அந்த வயலில் விளையாத தானியம் கோடு போட்ட மாதிரி கிடந்தால் எழுந்து வந்துவிடுங்கள். துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் போகாதபடி அடைப்பு இருக்க வேண்டும். சுற்றுலா விசாவில் போகிறவர் கையில் துப்பாக்கி இருப்பதற்கே அந்த வேட்டை லைசென்ஸ்தான் ஆதாரம் என்பதால், அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 என்பது அங்கே வரம்பு. ஒன்பது மணிக்கே அவர்கள் கிளம்பியது அதனால்தான்.

வரம்பு என்றதும் ஞாபகம் வருகிறது. டெக்சாஸின் பெரும்பகுதியில் புறாப் பருவம் தொடங்குவது செப்டம்பர் 1. அதே செப்டம்பர் 1 அன்று, 1914இல், சின்சினாட்டி மிருகக்காட்சிசாலையில் மார்த்தா என்ற புறா செத்தது. வானத்தை மறைக்கும் அளவுக்குப் பறந்த பயணிப் புறா இனத்தில் அதுதான் கடைசி. ஓக், பீச் மரக் காடுகளில் உதிரும் கொட்டைகளை நம்பி வாழ்ந்த இனம் அது. காட்டையும் வெட்டினார்கள், கூடு கட்டிய இடத்திலேயே கணக்கில்லாமல் கொன்றார்கள். அதே காடு வயலாக மாறியபோது, வெறுந்தரை கேட்கிற மோர்னிங் டவ்வுக்கு இடம் பெருகியது. ஒரே கோடரி ஒன்றுக்கு வீட்டை இடித்தது, இன்னொன்றுக்கு வீடு கட்டிக் கொடுத்தது. வேட்டை பற்றி எழுதினாலே சிபிச் சக்கரவர்த்தியை எடுத்துக்கொண்டு என்னைத் திட்டி எழுதும் வாசகர்கள் சிலர் உண்டு. அவர்களுக்கும் இந்தக் கதையைத்தான் சொல்வேன். துப்பாக்கிக்கு வரம்பு போடலாம். மரத்தையும் தரையையும் மாற்றிவிட்டு வரம்பு போட முடியாது.

இங்கே பழகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கண்ணால் தாராளமாக. கையில் ஒன்றும் வேண்டாம், லாஸ்டிக் என்கிற கவண்கூட வேண்டாம். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, லைசென்ஸ் கொடுப்பது பெர்ஹிலித்தான் என்கிற வனவிலங்குத் துறை. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி காற்றுத் துப்பாக்கிகூட உரிமம் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. “சும்மா ஒரு தெக்குக்குர் புறாதானே” என்று கிளம்பி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

உங்கள் வீட்டில் இருந்து தித்திவங்சா ஏரிப் பூங்கா பக்கம்தான். ஒரு காலை ஏழு மணிக்குப் போங்கள். கழுத்தில் புள்ளி போட்ட புள்ளிப்புறாதான் தெக்குக்குர். அது நடைபாதை ஓரத்திலும், புல் தேய்ந்து மண் தெரிகிற மரத்தடியிலும் நடக்கும். மெர்போக் அதைவிடச் சிறியது, வரி வரியாக இருக்கும். மலாய்க்காரர்கள் கூண்டில் தொங்கவிட்டு அதன் குரலுக்குப் போட்டியே வைப்பார்கள். அது ஒட்ட வெட்டிய புல்லில் பொடிப்பொடியான விதையைப் பொறுக்கும். புல்வெட்டும் ஆட்கள் வந்து போவதற்கு முந்தின நாளும் மறுநாளும் ஒரே திடலில் எண்ணிப் பாருங்கள். அந்த இரண்டு எண்ணும் நான் மேலே எழுதியதை எல்லாம் ஒரே பார்வையில் காட்டிவிடும். அப்புறம் அண்ணாந்து பாருங்கள். ஆல், அத்தி வகையில் பழுத்து நிற்கும் ஆரா மரத்தில் பூனாய் என்கிற பச்சைப்புறா கிளி மாதிரி கிளையைப் பற்றிக்கொண்டு தொங்கும். அதற்குப் பழம்தான் சாப்பாடு, தரையில் வேலையே இல்லை. கால் மாறினால் சாப்பாடு மாறும், சாப்பாடு மாறினால் இடம் மாறும்.

பினாங்குப் பக்கம் வந்தால் கெப்பாலா பத்தாஸ், பெனாகா வயல்களில் அறுவடை முடிந்த வாரம் பாருங்கள். அறுவடை இயந்திரம் திரும்பும் மூலைகளில் நெல் கூடுதலாகச் சிந்தும். நின்ற பயிரில் ஒரு புறாவும் இருக்காது. அறுத்த நாலாம் நாள் அந்த மூலைகளிலும் வரப்பிலும் நூறு அடிக்கு ஒரு ஜோடி நிற்கும். மறுபடி தண்ணீர் கட்டினால் போய்விடும். தண்ணீர்மலைக்கு மேலே காட்டுப் பாதையில் ஏறினால் நிழலில் மரகதப்புறா கிடைக்கும். அது காட்டுத் தரையில் விழுந்த பழத்தையும் விதையையும் தேடுகிற ஆள், வெட்டவெளிக்கு அபூர்வமாகத்தான் வரும். தனியாக, தாழ்வாக, அம்பு மாதிரி பாதையைக் கடந்து போகும். கண்ணை மூடித் திறப்பதற்குள் காணாமல் போனால் அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டெக்சாஸ் போய் இறங்கியதும் துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு சாயந்திரத்தைச் செலவு பண்ணுங்கள். மச்சானை வண்டி ஓட்டச் சொல்லி, சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போது வயலை மெதுவாகச் சுற்றுங்கள். கம்பியில் எங்கே உட்கார்ந்திருக்கிறது, எந்த இடைவெளி வழியாக வருகிறது, குளத்தின் எந்தக் கரையில் கால்தடம் இருக்கிறது என்று பார்த்து ஒரு தாளில் படம் போட்டுக்கொள்ளுங்கள். இதைச் செய்த மறுநாள் காலையில் வடக்கே இருந்து குளிர்காற்று இறங்கினால் மட்டும் படத்தை மறந்துவிடுங்கள். முதல் குளிர்காற்றோடு ஊர்ப் புறா பாதி தெற்கே கிளம்பிவிடும். வேறு புறா வரும், அவற்றுக்கு உங்கள் படம் தெரியாது.

உடைக்கு நானூறு வெள்ளி வேண்டாம். புறா உருவத்தைவிட அசைவைத்தான் முதலில் பார்க்கிறது. நிழலில் உட்கார்ந்து கையை ஆட்டாமல் இருந்தால், உங்களிடம் இருக்கிற மங்கிய காக்கிச் சட்டை போதும். வெள்ளைப் பனியன் வெளியே தெரிய வேண்டாம். அந்தக் காசில் முகத்தை மறைக்கும் அகலமான தொப்பி ஒன்று வாங்குங்கள். மூடி போட்ட வாளி ஒன்றும் எடுத்துப் போங்கள். உட்காரவும் ஆகும், கிடைத்ததைப் போடவும் ஆகும். தரையில் உட்கார்ந்தால் எறும்பு கடிக்கும். அந்த ஊர் நெருப்பெறும்பு நம் ஊரில் கடிக்கிற மாதிரி விட்டுவிடாது, மறுநாள் கொப்புளமாகிவிடும்.